பாப்பாவின் அளவுகோல்

கண்ணாடி டம்ளரில் காபியைக் கையில் கொடுத்தால் உடனே குடித்துவிட மாட்டாள். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து மெல்லச் சுழற்றுவாள். காபி டம்ளரின் விளிம்புவரை ஏறி ஏறி இறங்கும். நுரை அடங்கும், ஆவி அடங்கும், மேலே ஏடு படியும். அதன்பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "ஆறிப்போச்சே அண்ணி" என்பாள், ஏதோ நான் ஆறிய காபியைக் கொடுத்துவிட்டதுபோல.

"பின்னே? அதுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு நின்னா ஆறாம என்ன செய்யும்?"

"ஆய்வகத்துல செல்லு வளர்க்கிற பாட்டிலை இப்படித்தான் ஆட்டணும். கை பழகிப்போச்சு. வேகமா ஆட்டினா செத்துப்போயிடும்."

"காபி சாகாது. குடிச்சுட்டுக் கழுவி வை."

என் நாத்தனார். தலை முழுக்க நரைத்தபிறகும் என் வீட்டுக்காரர் தங்கையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். நானும் அப்படியே பழகிவிட்டேன். மாடியறையில் இருக்கிறாள். ஆராய்ச்சி நிலையத்தில் உயிர்வேதியியல் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லையா என்று கேட்பவர்களிடம், "ஒரு தடவை தேதி குறிச்சாங்க. அன்னைக்குன்னு பார்த்து செல்லு நல்லா வளர்ந்திருந்துச்சு" என்பாள். பொய்யா நிஜமா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி தெருவின் ஒரு கோடி, நிலையம் மறு கோடி. நடுவில் எங்கள் வீடு. ஆஸ்பத்திரியிலிருந்து நிலையத்துக்கு ரத்தம் பிடித்த குழாய்களை ஐஸில் வைத்து எடுத்துப் போவதற்கு ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி வைத்திருக்கிறாள். அதைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடப்பாள். பார்த்துப் பார்த்துத் தெருவே அவளுக்கு ஐஸ்காரம்மா என்று பெயர் வைத்துவிட்டது. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒருநாள் அவளை நிறுத்தி, "குச்சி ஐஸ் இருந்தா ரெண்டு கொடுங்க" என்று கேட்டிருக்கிறாள். இவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, மிகவும் வருத்தத்தோடு, "இன்னைக்கு எலி மண்ணீரல் மட்டும்தாங்க இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பெண் இன்னும் எங்கள் வீட்டுப் பக்கம் நின்று பேசுவதில்லை.

அவள் நடக்கிறதைப் பார்த்தால் தண்ணீருக்கு அடியில் நடப்பதுபோல இருக்கும். அவசரமே கிடையாது. கேட்ட கேள்விக்குப் பதிலும் அப்படித்தான் வரும். மத்தியானம் சாப்பிடும்போது "உப்பு போதுமா?" என்று கேட்டால் பேசாமல் இருப்பாள். சாயங்காலம் நான் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "போதும் அண்ணி" என்பாள். "எது போதும்?" என்று நான் திகைக்க வேண்டும். பாப்பாகிட்ட கேட்டா பதில் தபால்லதான் வரும் என்பது என் வீட்டுக்காரர் கணிப்பு.

அப்படி என்னதான் வேலை என்று ஒரு மழை நாளில் கேட்டேன். துவைத்த துணியெல்லாம் கட்டிலில் மலைபோலக் கிடந்தது. மடிக்க உதவுகிறேன் என்று உட்கார்ந்தவள், ஒரு சட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"உடம்புக்குள்ள ஒரு செல்லு தூங்கிட்டு இருக்கு அண்ணி. வெளியில கிருமி வந்து கதவைத் தட்டுது. கதவுகிட்ட நிக்கிறவன் கையில உப்புக்கல் மாதிரி ஒண்ணு இருக்கு. அதைப் பக்கத்துல தூங்குறவன் முதுகுல ஒட்டிடுவான். அவன் முழிச்சுக்குவான். அவன் அடுத்தவன் முதுகுல ஒட்டுவான். இப்படியே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் எழுப்பிக்கிட்டே உள்ள போவாங்க. சத்தமே இருக்காது. வீடு முழுக்க விளக்கு எரிஞ்சிடும்."

"அந்த ஒட்டுறவன் பேரு என்ன?"

"கைனேஸ். அதுல ஐந்நூறு வகை இருக்கு. என்னுது ஒண்ணே ஒண்ணு."

"எழுப்பிவிட்டா போதுமா? திருப்பித் தூங்க வைக்கிறது யாரு?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். சேலை எடுத்துக் கொடுத்தபோதுகூட அந்த முகம் அப்படி மலர்ந்ததில்லை. "அதான் அண்ணி என் வேலையே. ஒட்டினதை உரிக்க இன்னொருத்தன் வருவான். அவன் வந்து உரிச்சாத்தான் எல்லாம் அடங்கும். அடங்காம எரிஞ்சுக்கிட்டே இருந்தா, கிருமி போனப்புறமும் உடம்பு தன்னைத்தானே அடிக்க ஆரம்பிச்சிடும்."

"இந்த வீட்டுல ஒட்டுறது உங்க அண்ணன். உரிக்கிறது நான்."

"சரியாச் சொன்னீங்க" என்றாள், சிரிக்காமல். மலைபோல இருந்த துணியை நான்தான் மடித்து முடித்தேன். அவள் மடியில் இருந்த சட்டை அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் பாத்திரம் தேய்க்கும்போது, நுரைக்கு நடுவில் யாரோ யாரையோ முதுகில் தட்டி எழுப்பிக்கொண்டே போவதுபோல ஒரு பிரமை. இவளோடு பேசினால் இதுதான் தொல்லை.

இந்த ஆராய்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. நோயாளிகளுக்கு விளக்கு எவ்வளவு நேரம் எரிகிறது என்று சொல்ல வேண்டுமானால், நன்றாக இருப்பவர்களுக்கு எவ்வளவு நேரம் என்று தெரிய வேண்டுமாம். அதற்கு நல்ல ஆளுடைய ரத்தம் வேண்டும், அதுவும் எடுத்த சூட்டோடு வேண்டும். ஆரம்பத்தில் நாலைந்து பேர் கொடுத்தோம். ஒருவர் வேலை மாறிப் போனார். ஒருவருக்குச் சர்க்கரை வந்துவிட்டது. மற்றவர்கள் ரத்தத்தில் கணக்கு ஒழுங்காக வரவில்லை, எடுக்கும்போது ஏதோ தாமதமாகிவிட்டது என்று இவளே நிறுத்திவிட்டாள். கடைசியில் நான் ஒருத்திதான் மிச்சம்.

"உங்களுதுதான் அண்ணி சுத்தமா வருது. பளிச்சுனு ஏறுது, பளிச்சுனு இறங்குது. இனிமே எல்லாத்துக்கும் நீங்கதான் அளவுகோல். துணிக்குத் துணி ஸ்கேலை மாத்த முடியுமா?"

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எத்தனையோ வருஷம் போய்க் கை நீட்டியிருக்கிறேன். நர்ஸ் எடுத்து முடித்ததும் பாப்பா என்னைத் தன் ஆய்வகத்துக்கு அழைத்துப்போய், தலைசுற்றல் தெளியும்வரை ஒரு உயர ஸ்டூலில் உட்கார வைப்பாள். அங்கே எல்லா இயந்திரமும் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்கும். குளிர்ப் பீப்பாயைத் திறந்தாள் என்றால் வெள்ளைப் புகை வழிந்து தரையெல்லாம் பரவும். அவள் கால் தெரியாது. மேகத்தில் நின்றுகொண்டு என் ரத்தத்தைச் சொட்டுச் சொட்டாகப் பிரிப்பாள். எனக்குக் கண் சொருகும். அந்த அரை மயக்கத்தில், நானும் அந்தக் குழாய்க்குள் போய் எங்கேயோ ஒரு கதவுப் பக்கத்தில் தூங்குவதுபோல இருக்கும்.

ரத்தம் கொடுக்கிற பெஞ்சில்தான் ஒரு தையல்காரர் எனக்குப் பழக்கமானார். அவர் நோயாளிப் பக்கம், நான் நல்ல ஆள் பக்கம். உடம்பு தன்னைத்தானே அடிக்கிற வியாதி அவருக்கு விரல் மூட்டுகளில். இரண்டு கையும் வீங்கி, இஞ்சிக் கிழங்குபோலக் கோணிப் போயிருக்கும். கத்தரிக்கோல் பிடித்து ரொம்ப நாளாயிற்று என்றாலும் கண் மட்டும் சும்மா இருக்காது. பார்த்த முதல் நாளே, "இதைத் தைச்சது யாரும்மா? தோள்ல சுருக்கம் விழுது பாருங்க" என்றார்.

"நான்தான் தைச்சேன்."

"அப்ப சரி. ரெண்டு தோளும் ஒண்ணா இருந்தாத்தான் சுருக்கம் விழாது. உங்களுக்கு வலது தோள் இறக்கம்." அதைக் கண்டுபிடித்தவர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

பாப்பாவுக்கு அவரைத் தெரியாது. குழாய் எண் பதினேழாகத்தான் தெரியும். "பதினேழு இன்னைக்கும் அடங்கவே மாட்டேங்குது அண்ணி" என்பாள். "பதினேழுக்கு நேத்து பேத்தி பிறந்திருக்கு" என்பேன் நான். "அப்படியா" என்று டம்ளரைச் சுழற்றுவாள்.

அவள் கண்டுபிடித்தது இதுதான்: இந்த வியாதிக்காரர்களிடம் அவளுடைய கைனேஸ் எழுந்தால் சீக்கிரம் அடங்குவதில்லை, நன்றாக இருப்பவர்களைவிட இரண்டு மடங்கு நேரம் எரிகிறது. பெரிய பத்திரிகையில் வந்தது. மேடையில் கூப்பிட்டுப் பேச வைத்தார்கள். ஒரு மருந்துக் கம்பெனி அந்தக் கைனேஸை அடக்க ஒரு மாத்திரையோடு வந்தது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஆஸ்பத்திரியில் ஏற்பாடு நடந்தது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் தையல்காரர். "விரல் மடங்கட்டும். முதல் சட்டை உங்க வீட்டுக்காரருக்குத்தான்" என்றார். என் வீட்டுக்காரர் வயிற்றைத் தடவிக்கொண்டு, "இப்பவே அளவு எடுத்துக்கட்டும்" என்றார்.

மாத்திரை வருவதற்குள் வேறு எங்கிருந்தோ ஒரு ஆராய்ச்சிக்காரி இவளுக்கு எழுதினாள். உங்களைப் போலவே செய்து பார்த்தோம், நோயாளிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை என்று. முதலில் பாப்பா கண்டுகொள்ளவில்லை. "ரத்தத்தை ஆறப்போட்டிருப்பாங்க" என்றாள். இரண்டு நாள் கழித்து அவளுக்கே அரித்தது. நிலையத்து டிரைவரிடம் ரத்தம் எடுத்தாள். கணக்குப் பிரிவுப் பெண்ணிடம் எடுத்தாள். தன் கையிலேயே எடுத்தாள். அண்ணனையும் கூட்டிப்போனாள். அவர் ஊசியைப் பார்த்ததுமே நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். விழுந்தபிறகு எடுத்தார்களாம்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் மாடிக்குப் போகவில்லை. படிக்கட்டின் மூன்றாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டாள், ஐஸ் பெட்டி மடியில். பெட்டிக்கு அடியிலிருந்து தண்ணீர் சொட்டி அவள் சேலையில் பெரிதாக ஒரு ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"எழுந்திரு. சேலை நனையுது."

"எல்லாருக்கும் மெதுவாத்தான் அடங்குது அண்ணி. டிரைவருக்கு, அண்ணனுக்கு, எனக்கு. நோயாளிங்க மாதிரியேதான்."

"அப்படின்னா எல்லாருக்கும் வியாதியா?"

"யாருக்கும் இல்ல. நீங்கதான்..." கொஞ்ச நேரம் வார்த்தையைத் தேடினாள். "உங்களுக்குத்தான் வேகமா அடங்குது. ஆயிரத்துல ஒருத்தருக்கு அப்படி இருக்கும்போல."

பயந்துவிட்டேன். "எனக்கு ஏதாவது வியாதியா?"

"ச்சே, இல்லவே இல்ல. மூக்கு சாடை மாதிரி, அது ஒரு வகை. நான்தான் உங்களை வச்சு ஊரையே அளந்துட்டேன்."

உள்ளேயிருந்து, நெற்றியில் பிளாஸ்திரியோடு, என் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "இவ நார்மல் இல்லைங்கிறதைக் கண்டுபிடிக்க உனக்கு இத்தனை வருஷமா பாப்பா? என்னைக் கேட்டிருந்தா கல்யாணம் ஆன மறுநாளே சொல்லியிருப்பேனே. அது இருக்கட்டும், எது வேகமா அடங்குதுங்கிற, இவளுக்கா?"

வேறு நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். பாப்பா சிரிக்கவில்லை. "ஆரம்பத்துல கொடுத்த மத்தவங்க ரத்தம் அண்ணி. கணக்கு வரலைன்னு நிறுத்தினேனே. அதுதான் சரியான கணக்கு. உங்களோட ஒத்துப்போகலைன்னு நானே தூக்கிப் போட்டேன்" என்றாள். பெட்டியைத் திறந்து உருகிக்கொண்டிருந்த ஐஸைப் பார்த்தாள். மறுபடி மூடினாள்.

அதன்பிறகு வீட்டில் ஒரு மாதிரி மங்கலான நாட்கள். மேலே அவள் நடக்கும் சத்தம் கேட்கும், நிற்கும். கீழே வருவாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வெயில் ஜன்னலிலிருந்து தரைக்கு இறங்கி, தரையிலிருந்து சுவருக்கு ஏறி மறையும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கையில் டம்ளர் இருந்தாலும் சுழற்றுவதில்லை.

துறைத் தலைவர் எங்கள் வீட்டு போனுக்கே கூப்பிட்டார்.

"மேடம் இருக்காங்களா?"

"இருக்கா. பேச மாட்டா."

"நீங்களாவது சொல்லுங்கம்மா. எந்த ஆராய்ச்சியிலயும் சின்னச் சின்ன வித்தியாசம் வரத்தான் செய்யும். ஒரு விளக்கம் எழுதிப் போட்டா போதும். அதை விட்டுட்டு, வெளியிட்ட கட்டுரையையே திருப்பி எடுத்தா மருந்துச் சோதனை நின்னுடும். அவங்க ஆயுசு பூராச் சம்பாதிச்ச பேரும் போயிடும். ரிட்டயர் ஆகிற நேரத்துல இது தேவையா?"

"அந்த மாத்திரையை நல்லா இருக்கிறவங்க சாப்பிட்டா என்ன ஆகும் சார்?"

"அது... எதிர்ப்புச் சக்தி கொஞ்சம் குறையும். உங்களுக்கு அதெல்லாம் புரியாதும்மா."

"புரியாதவகிட்ட ஏன் சார் சொல்லி அனுப்புறீங்க?" போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. அந்தக் கோபத்தையும் அவர் கணக்கில்தான் எழுதினேன்.

மொட்டை மாடிக்குப் போனேன். கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காய்ந்த விரிப்புகள் அவள் இரண்டு பக்கமும் உப்பி உப்பித் தணிந்துகொண்டிருந்தன.

"உன் துறைத் தலைவர் போன்ல சொன்னதைக் கேட்டேன். நீ என்ன பண்ணப் போற?" என்றேன். பதில் இல்லை. விரிப்புகளை உருவிக்கொண்டு கீழே வந்துவிட்டேன்.

மறுநாள், நான் அலமாரி துடைத்துக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் வந்து நின்றாள். "திருப்பி எடுத்துக்கிறேன் அண்ணி. மொத்தமா. என் தப்புன்னு என் பேரைப் போட்டே எழுதிட்டேன். இப்பத்தான் அனுப்பினேன்." நான் துணியைப் பிழிந்தேன். "அந்த மாத்திரை எரியுற விளக்கைக் கொஞ்சம் தணிக்கிறதுக்குத்தான். நோயாளிங்களுக்கு அது சாதாரணமாத்தான் எரியுது. அதைப் போய் அணைச்சா, ஒரு சளி வந்தாக்கூடத் தாங்க மாட்டாங்க."

"சாப்பிட்டியா?"

"பதினேழுகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"டாக்டருங்க சொல்லுவாங்க."

"இல்ல, நானே சொல்றேன். கூட வர்றீங்களா? எனக்கு அவரை அடையாளம் தெரியாது."

அதற்குள் சோதனைக்கு முன்னேற்பாடாகத் தையல்காரரை வார்டில் சேர்த்திருந்தார்கள். மத்தியான நேரம். கட்டில்களுக்கு நடுவில் தொங்கிய பச்சைத் திரைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. எல்லாரும் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எங்கேயோ இருந்தார்கள். அவர் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் யாரோ ஒரு டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டுப் போயிருக்க வேண்டும், சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்து கிடந்தது.

"வாங்கம்மா" என்றார் என்னிடம். "தோள்பட்டையை இன்னும் சரி பண்ணலையா?"

"இவதான் என் நாத்தனார். உங்க ரத்தத்தை வச்சு ஆராய்ச்சி பண்றவ."

பாப்பா நின்றபடியே சொன்னாள். தயங்கித் தயங்கித்தான் வந்தது, ஆனால் ஒன்றையும் மறைக்கவில்லை. அளந்ததில் தப்பு, தப்பு செய்தது நான், அந்த மாத்திரை உங்களுக்கு நல்லது செய்யாது, கெடுதல்தான் செய்யும், அதனால் நிறுத்தச் சொல்லிவிட்டேன். அவர் அவள் முகத்தையே பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்தபிறகு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ இது எதனால வருதும்மா?"

"தெரியலைங்க."

"வேற மருந்து?"

"இப்போதைக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லைங்க."

"இத்தனை நாளா நம்பிக்கிட்டு இருந்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "டாக்டர் யாரும் தெரியலைன்னு சொன்னதில்லை."

"நான் டாக்டர் இல்லைங்க."

"அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்குக் கிளம்ப வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டையின் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பொத்தானைப் பிடிக்கப் பார்த்தார். விரல் மடங்கவில்லை. பொத்தான் நழுவியது. மறுபடி பிடித்தார். மறுபடி நழுவியது. நர்ஸைக் கூப்பிடலாமா என்று நான் வாசல் பக்கம் பார்த்தேன்.

பாப்பா குனிந்தாள். அவர் கையை மெதுவாக விலக்கிவிட்டு, கீழேயிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் தடுக்கவில்லை. கழுத்துக்கு வந்தபோது மேலே ஒரு துவாரம் மிஞ்சி நின்றது. பொத்தான் இல்லை.

"ஒண்ணு தள்ளிப் போயிடுச்சும்மா" என்றார் தையல்காரர். "ஆரம்பத்துலயே."

"தெரியுதுங்க" என்றாள் பாப்பா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். போட்ட பொத்தான் எல்லாவற்றையும் கழற்றினாள். சட்டையின் இரண்டு நுனிகளையும் சேர்த்து வைத்து, சரியாக இருக்கிறதா என்று அவரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தபிறகு, முதல் பொத்தானைப் பிடித்தாள்.